பதில் சொல்லாத டிகோடர்: அறிகுறி பார்த்துக் குறை தேடும் முறை

மாதிரி ரயில் என்ஜினுக்குள் டிகோடரை, அதாவது கட்டளையைப் படித்து மோட்டாரையும் விளக்கையும் இயக்கும் சிறு மின்னணுப் பலகையைப் பொருத்தி, மேல்மூடியைத் திருகி, அமைப்புகளை எழுதவும் வாசிக்கவும் ஒதுக்கிய புரோகிராமிங் தடத்தில் நிறுத்தி, முகவரியை, அதாவது என்ஜினை அழைக்கும் எண்ணை மாற்றச் சொல்கிறீர்கள். கைக்கருவியின் திரையில் ‘பதில் இல்லை’ என்று வருகிறது. டிகோடர் கெட்டுவிட்டது என்றே அந்த நொடியில் பலரும் முடிவு கட்டுகிறார்கள். நல்ல டிகோடர்கள் பல இப்படித்தான் கழற்றப்பட்டு இழுப்பறைக்குள் போகின்றன. அந்த அவசரத்தைத் தடுப்பதற்காகவே இதை எழுதுகிறேன். இங்கே பேசுவது டிசிசி முறையைப் பற்றி மட்டும்; தண்டவாளத்து மின்சாரத்தோடு டிஜிட்டல் கட்டளை அனுப்பி ஒவ்வொரு என்ஜினையும் தனித்தனியே ஓட்டும் முறை அது. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாக வைத்து, அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990களில் பொதுத் தரமாக ஆக்கியது அது.

முதலில் புரோகிராமிங் தடத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். டிகோடருக்குக் காது உண்டு, வாய் இல்லை. தண்டவாளத்தில் மின்சாரத்தோடு வரும் கட்டளையை அது கேட்கும். திருப்பிச் சொல்ல அதனிடம் ஒரே ஒரு வழிதான் இருக்கிறது: மோட்டாரை ஒரு கணம் இயக்கி நிறுத்துவது. அப்போது தண்டவாளத்தில் மின்னோட்டம் குறைந்தது 60 மில்லி ஆம்பியர் கூடி, ஏறக்குறைய 6 மில்லி விநாடி நீடிக்கும். கட்டுப்பாட்டுப் பெட்டி அந்த ஏற்றத்தைக் கண்டால் ‘ஆம்’ என்று எடுத்துக்கொள்ளும். பூம்பூம் மாட்டுக்காரர் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க மாடு தலையாட்டுகிறதே, அதே கதைதான். ‘இல்லை’ என்று சொல்ல டிகோடருக்குத் தெரியாது. இல்லை என்றால் சும்மா இருக்கும்.

டிகோடருக்குள் ஒவ்வொரு அமைப்பையும் வைத்திருக்கும் எண்ணிட்ட நினைவிடத்தை சிவி என்கிறோம். ஒரு சிவியின் மதிப்பை வாசிப்பதும் இப்படித்தான். மதிப்பின் எட்டு இரும இலக்கங்களை, அதாவது பிட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, ‘இந்த பிட் 1 தானா?’ என்று பெட்டி எட்டு முறை கேட்கும். ஆம் என்ற இடத்தில் மட்டும் டிகோடர் துடிக்கும். கடைசியில் ‘அப்படியானால் மதிப்பு இதுதானே?’ என்று ஒரு கேள்வி, அதற்கு ஒரு துடிப்பு. ஈஎஸ்யூ நிறுவனத்தின் டிகோடரில், தயாரிப்பாளர் யார் என்று சொல்லும் சிவி 8 கொடுக்கும் மதிப்பு 151. அதை இரும எண்ணாக எழுதினால் ஐந்து ஒன்றுகள் வரும். இப்படி பிட் பிட்டாகக் கேட்கும் நேரடி முறையில் வாசிக்கும்போது விரலை என்ஜின் மேல் மெல்ல வைத்துப் பாருங்கள், ஐந்து துடிப்பும் உறுதி செய்யும் ஒரு துடிப்பும் விரலுக்குத் தெரியும்.

ஆகவே திரையில் வரும் ‘பதில் இல்லை’ என்ற ஒரே செய்திக்குப் பின்னால் வேறு வேறு கதைகள் இருக்கலாம். டிகோடர் கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டும் துடிக்க முடியாமல் இருந்திருக்கலாம். துடித்தும் பெட்டிக்கு அது தெரியாமல் போயிருக்கலாம். கடைசி இரண்டிலும் நீங்கள் எழுதிய மதிப்பு பெரும்பாலும் உள்ளே பதிந்திருக்கும். நான் ஒரு முறை ஒரே முகவரியை நான்கு தடவை எழுதினேன், நான்கு தடவையும் பிழைச் செய்தி. பிறகு ரயில்கள் ஓடும் முதன்மைத் தடத்தில் வைத்துப் புதிய எண்ணால் அழைத்தேன். என்ஜின் புறப்பட்டுப் போனது. அன்றிலிருந்து பிழைச் செய்தி வந்தால் முதல் வேலையாகப் புதிய எண்ணில் அழைத்துப் பார்க்கிறேன், பிறகு பழைய எண்ணில், பிறகு 3இல். புதிய டிகோடர் எல்லாம் 3 என்ற முகவரியோடுதான் வருகிறது.

‘பதில் இல்லை’, என்ஜினும் துடிக்கவில்லை

இதில் முக்கால்வாசி இடங்களில் குறை டிகோடருக்கு வெளியேதான் இருக்கும். சக்கரத்தையும் தண்டவாளத்தையும் துடையுங்கள். ஓடும் என்ஜின் ஒரு கணம் தொடர்பு அறுந்தாலும் வேகத்தில் தாண்டிவிடும். புரோகிராமிங் தடத்தில் அது நின்றுகொண்டிருக்கிறது, ஒரே ஒரு அழுக்குப் புள்ளியில் சக்கரம் நின்றாலும் பேச்சு அறுந்துவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, என்ஜினை ஒரு விரல்கடை நகர்த்தி வைத்து மறுபடி வாசித்துப் பாருங்கள். நீராவி என்ஜின் என்றால் டெண்டருக்கும் (பின்னால் வரும் நிலக்கரி, நீர் வண்டி) என்ஜினுக்கும் நடுவே உள்ள இணைப்பைக் கவனியுங்கள். பல மாதிரிகளில் ஒரு பக்கத் தண்டவாளத்திலிருந்து என்ஜினும் மறுபக்கத்திலிருந்து டெண்டரும் மின்சாரம் எடுக்கின்றன. நடுவில் உள்ள கம்பி விட்டுப்போனால் டிகோடருக்குப் பாதி வழிதான் கிடைக்கும்.

தொடர்பு நன்றாக இருந்தும் துடிப்பு இல்லையென்றால் மோட்டார்ப் பக்கம் போக வேண்டும். டிகோடரின் ஆரஞ்சு, சாம்பல் நிறக் கம்பிகள் மோட்டாருக்குப் போகின்றன. சிவப்பும் கருப்பும் தண்டவாளத்துக்கு. ஆரஞ்சு அல்லது சாம்பல் கம்பி விட்டிருந்தால் டிகோடர் கேட்கும், எழுதிக்கொள்ளும், ஆனால் துடிக்க அதற்கு எதுவும் இல்லை. மோட்டாரில் பூட்டாமல் மேசை மேல் வைத்துச் சோதிக்கும்போது வரும் ‘பதில் இல்லை’ இந்த வகைதான். அப்போது ஆரஞ்சுக்கும் சாம்பலுக்கும் நடுவே 100 ஓம் மின்தடை ஒன்றை இணைத்துவிட்டால் அதுவே மோட்டாரின் வேலையைச் செய்யும்.

பழைய என்ஜின்களில் இன்னொன்று உண்டு. இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும், ஏனெனில் டிகோடரை உண்மையிலேயே எரித்துவிடும் தவறு இது. டிசிசிக்கு முந்தைய நேர்மின்சாரக் காலத்து என்ஜின்களில் மோட்டாரின் ஒரு முனை உலோகச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். சட்டம் ஒரு பக்கத் தண்டவாளத்தோடு இணைந்திருக்கும். ஆத்தர்ன் நிறுவனத்தின் ‘ப்ளூ பாக்ஸ்’ என்ஜின்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவற்றில் மோட்டாரின் அடிப்பக்கப் பிரஷ்ஷைப் பிடித்திருக்கும் தகடு சட்டத்தின் மேல் அழுந்தியபடியேதான் மின்சாரத்தைப் பெறுகிறது. அதை அப்படியே விட்டு டிகோடரைப் பொருத்தினால் தண்டவாளத்து மின்சாரம் டிகோடரின் மோட்டார் முனைக்குள் நேரே பாயும். டிகோடரைச் செருகுவதற்கு முன்பே மல்டிமீட்டரை எடுங்கள். மோட்டாரின் இரு முனைகளில் ஒவ்வொன்றையும் சட்டத்தோடும், இரண்டு பக்கச் சக்கரங்களோடும் தொட்டுப் பாருங்கள். எந்தச் சேர்க்கையிலும் தொடர்பு காட்டக் கூடாது. காட்டினால் மோட்டாரைக் கழற்றி, அடியில் காப்புநாடா ஒட்டி, அந்தப் பிரஷ் தகட்டுக்குத் தனிக் கம்பி பற்றவைத்து, அதன் பிறகே டிகோடர்.

புதிதாகப் பொருத்திய எந்த என்ஜினையும் முதலில் புரோகிராமிங் தடத்தில்தான் வைக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதன் காரணமும் இதுதான். அங்கே மின்னோட்டம் 250 மில்லி ஆம்பியருக்குள் கட்டுப்படுத்தப்பட்டிருக்கும். கம்பி மாறியிருந்தாலும் டிகோடர் பிழைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. முதன்மைத் தடத்தில் 3 அல்லது 5 ஆம்பியர் காத்துக்கொண்டிருக்கிறது. அங்கே அந்த வாய்ப்பு இல்லை.

துடிக்கிறது, ஆனாலும் ‘பதில் இல்லை’

இது நல்ல அறிகுறி. டிகோடர் கேட்கிறது, பதிலும் சொல்கிறது, பெட்டிக்குத்தான் கண் தெரியவில்லை. ‘என்’ (N) என்ற சிறிய அளவு என்ஜின்களிலும், இரும்பு உள்ளகம் இல்லாத மோட்டார் கொண்டவற்றிலும் இது அடிக்கடி நடக்கும். அந்த மோட்டார்கள் மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடுகின்றன. மோட்டாருக்கு அது பெருமை, ஆனால் 60 மில்லி ஆம்பியர் ஏற்றம் எழாது. வாசிக்கும்போது மட்டும் மோட்டாரின் இரு முனைகளுக்கு இணையாக 100 ஓம் மின்தடையைப் பிடித்தால் துடிப்பு பெட்டிக்குத் தெரியும் அளவு வளரும். வேலை முடிந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும், வைத்தே ஓட்டினால் சூடேறும். மின்தடையைத் தண்டவாளத்தின் குறுக்கே போடுவது பயன்தராது. அங்கே போட்டால் மின்னோட்டம் எப்போதும் கூடியே இருக்கும், பெட்டி தேடுவதோ திடீர் ஏற்றத்தை.

மோட்டாருக்குக் குறுக்கே ரேடியோ இடையூறு தடுக்க வைத்த சிறு மின்தேக்கிகள் சில என்ஜின்களின் சுற்றுப்பலகையில் இருக்கும். அவை டிகோடரின் மோட்டார்க் கட்டுப்பாட்டோடு முட்டிக்கொள்ளும். டிசிசியில் மட்டுமே ஓட்டப்போகும் என்ஜினில் நான் அவற்றை எடுத்துவிடுகிறேன்.

அழுக்குத் தடத்திலும் என்ஜின் நிற்காமல் ஓட உதவும் பெரிய மின்தேக்கி வேறு வகை. ‘கீப் அலைவ்’ என்ற பெயரில் விற்பது. ஓடும்போது அது வரப்பிரசாதம். புரோகிராமிங் தடத்தில் அது தன் பசிக்கு மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும், துடிப்பு அந்த இரைச்சலில் அமுங்கிப்போகும். பெட்டி இரைச்சலையே ‘ஆம்’ என்று எடுத்துக்கொள்வதும் உண்டு. எந்த சிவியை வாசித்தாலும் 255 என்றே வந்தால் இதைத்தான் ஐயப்பட வேண்டும். எட்டுக் கேள்விக்கும் ‘ஆம்’ விழுந்தால் வரும் எண் அது. மின்தேக்கியின் ஒரு கம்பியைக் கழற்றிவிட்டு வாசியுங்கள். இதை முன்னரே நினைத்து, அந்தக் கம்பியில் சிறு செருகி ஒன்று வைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் பற்றவைப்புக் கருவியைத் தேட வேண்டாம்.

ஒலி டிகோடர் வாசிக்கவில்லை, ஷார்ட் என்கிறது

ஒலி டிகோடர்களுக்குள்ளேயே மின்தேக்கிகள் உண்டு. மின்சாரம் வந்த முதல் கணத்தில் அவை நிரம்ப இழுக்கும் மின்னோட்டம் பெட்டியின் வரம்பைத் தொட்டுவிடலாம். பெட்டி அதை ஷார்ட் என்று நினைத்துத் தடத்தை அணைத்துவிடும். டிகோடரில் குறை எதுவும் இல்லை. இரண்டு வழி உண்டு. ஒன்று, பெட்டிக்கும் புரோகிராமிங் தடத்துக்கும் நடுவே மின்சாரத்தைக் கூட்டிக் கொடுக்கும் ஒரு பூஸ்டர் வைப்பது. சவுண்ட்டிராக்ஸ் நிறுவனத்தின் பிடிபி-100 இதற்கென்றே செய்தது. ஒலி டிகோடர் நான்கைந்து வைத்திருப்பவருக்கு அந்தச் செலவு நியாயமானது என்பேன். மற்றொன்று, முதன்மைத் தடத்திலேயே புரோகிராம் செய்வது. அங்கே மின்சாரத்துக்குக் குறைவில்லை.

முதன்மைத் தடத்தில் எழுதுவதில் இரண்டு செய்திகள் மறக்கக் கூடாதவை. டிகோடர் தண்டவாளம் வழியே திருப்பிப் பேச உதவும் ரயில்காம் வசதி பெட்டியிலும் டிகோடரிலும் இருந்தால் ஒழிய அங்கே பதிலே கிடையாது, எழுதுவது மட்டும்தான். எழுதியது பதிந்ததா என்று என்ஜினின் நடத்தையைப் பார்த்தே அறிய வேண்டும். ஈஎஸ்யூவின் ஒலி டிகோடரான லோக்சவுண்டில் சிவி 63 மொத்த ஒலியளவு. அதைக் குறைத்துப் பாருங்கள், காதே சொல்லிவிடும். மற்றது, எந்த முகவரியால் அழைத்துக்கொண்டிருக்கிறோமோ அதே முகவரியை முதன்மைத் தடத்தில் மாற்றப் பல டிகோடர்கள் விடாது. அதற்கும் வழி இருக்கிறது, அடுத்த அறிகுறியில் சொல்கிறேன்.

லோக்சவுண்ட் 4, 5 வகைகளில் இன்னொரு குழப்பம். 257 முதல் 512 வரையுள்ள சிவிக்கள் ஒரே அலமாரியில் இல்லை. சிவி 31, 32 இரண்டும் எந்த அலமாரி என்று சொல்கின்றன. முதலில் சிவி 31இல் 16, சிவி 32இல் வேண்டிய பக்க எண், அதன் பிறகே 257க்கு மேற்பட்ட சிவி. இதை விட்டுவிட்டு ஹாரன் ஒலியைக் குறைக்கப் போனவர், செயல்பாட்டுப் பொத்தான்களின் ஒழுங்கையே குலைத்திருப்பார். ‘ஒலியளவைத்தான் தொட்டேன், விளக்குப் பொத்தான் மாறிவிட்டது’ என்று யாராவது சொன்னால் சிவி 32ஐப் பாருங்கள்.

எழுதியாயிற்று, புதிய எண்ணுக்கு அசையவில்லை

யூனியன் பசிபிக் ரயில்வே 2019இல் மறுபடி ஓடவிட்ட ‘பிக் பாய்’ நீராவி என்ஜினின் எண் 4014. மாதிரிக்கும் அதே எண் வைக்க ஆசைப்படுவோம். நான்கு இலக்க எண்ணுக்கு டிகோடரில் இரண்டு சிவி தேவை. கட்டுப்பாட்டுப் பெட்டி தானே கணக்குப் போட்டுவிடும், ஆனால் கணக்குத் தெரிந்தவருக்குக் குறை தேடுவது எளிது. 4014ஐ 256ஆல் வகுத்தால் ஈவு 15, மீதி 174. ஈவோடு 192ஐக் கூட்டி, 207ஐ சிவி 17இல் எழுத வேண்டும். மீதி 174 சிவி 18இல். இதோடு முடியவில்லை. நீண்ட முகவரியைத்தான் பயன்படுத்து என்று சிவி 29இடம் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால் 4014 உள்ளே பத்திரமாக இருக்கும், என்ஜின் பழைய 3க்கே ஓடும்.

சிவி 29 பல சுவிட்சுகள் ஒன்றாக இருக்கும் பலகை. ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு எண். ஓட்டத் திசையைத் திருப்ப 1. வேகத்தை 28 அல்லது 128 படியாகப் பிரிக்க 2. நேர்மின்சாரத்திலும் ஓட 4. ரயில்காமுக்கு 8. வேக அட்டவணைக்கு 16. நீண்ட முகவரிக்கு 32. வேண்டியவற்றைக் கூட்டி எழுத வேண்டும். புதிய டிகோடரில் வழக்கமாக 6 இருக்கும், அதாவது 2ம் 4ம். அதில் 32ஐக் கூட்டினால் 38. சிவி 29இல் 6 என்று வாசித்தால் நீண்ட முகவரி இன்னும் உறங்குகிறது என்று பொருள்.

முன்பு சொன்ன வழி இதுதான்: முதன்மைத் தடத்தில் 3 என்று அழைத்துக்கொண்டே சிவி 17, உடனே சிவி 18 எழுதுங்கள். அழைக்கும் முகவரி 3 என்பதால் டிகோடர் தடுக்காது. கடைசியாக சிவி 29இல் 38. அந்த நொடியில் 3 செத்து 4014 உயிர்பெறும். வரிசை மாறக் கூடாது. சிவி 29ஐ முதலில் எழுதிவிட்டால் பழைய நீண்ட முகவரி எதுவோ அதற்குப் போய்விடும், பிறகு தேடுவது கடினம்.

வேறு ஒருவருடைய தளத்தில் (மாதிரி ரயில் அமைப்பில்) நன்றாக ஓடிய என்ஜின் உங்கள் தளத்தில் அசையாமல் நின்றால், முகவரியின் எல்லையைப் பாருங்கள். குறுகிய முகவரி தரப்படி 1 முதல் 127 வரை. ஆனால் லென்ஸ் முறையில் 100இலிருந்தே நீண்ட முகவரியாக அழைக்கும். டிஜிட்ராக்ஸ் நிறுவன முறையில் 127 வரை குறுகியது, 128 முதல் நீண்டது. என்சிஈ நிறுவன முறையில் முன்னால் சுழியம் போட்டு 45ஐக்கூட நீண்ட முகவரியாக வைக்கலாம். ஆகவே டிஜிட்ராக்ஸில் 112 என்று குறுகிய எண் வைத்த என்ஜினை லென்ஸால் அழைக்க முடியாது. என்சிஈயில் நீண்ட 45 வைத்ததை டிஜிட்ராக்ஸால் அழைக்க முடியாது. அடிக்கடி வேறு தளத்துக்கு என்ஜினைக் கொண்டுபோகிறவர்கள் 1 முதல் 99க்குள் குறுகிய முகவரியாக, அல்லது 128க்கு மேல் நீண்ட முகவரியாக வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

எல்லாம் சரி, ஆனால் ஓடவில்லை. விளக்கோ ஒலியோ மட்டும் வேலை செய்கிறது

பழைய என்ஜின் வாங்குகிறவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று என்ஜின்களைச் சேர்த்து ஒரே கைப்பிடியில் ஓட்டுவதைக் கன்சிஸ்ட் என்கிறோம். அந்தச் சேர்ப்பு எண் சிவி 19இல் இருக்கும். அதில் எண் ஒன்று இருக்கும்வரை வேகக் கட்டளையை என்ஜின் தன் சொந்த முகவரியில் கேட்காது. முந்தைய உரிமையாளர் சேர்ப்பைக் கலைக்காமல் விற்றிருப்பார். சிவி 19இல் 0 எழுதினால் எழுந்து ஓடும். இப்படி ஒன்றை நான் இரண்டு மாலைகள் கழற்றிப் பூட்டினேன், கம்பி கம்பியாகச் சோதித்தேன். சிவி 19ஐ வாசித்தபோது 12 என்று இருந்தது. இப்போது எந்தப் பழைய என்ஜின் வந்தாலும் 8, 7, 1, 17, 18, 19, 29 என்ற ஏழு சிவிக்களை வாசித்து நோட்டில் எழுதிய பிறகே கையை வைக்கிறேன்.

இதே குடும்பத்தைச் சேர்ந்தது: கைப்பிடியைத் திருப்பினால் பல விநாடி அசையாமல் நின்று, பிறகு மெல்ல நகர்வது. இது குறையே அல்ல. சிவி 3 புறப்படும் வேகத்தைத் தாமதப்படுத்துகிறது. அதன் மதிப்பை 0.9ஆல் பெருக்கினால், நின்ற நிலையிலிருந்து முழு வேகத்துக்கு ஏறக்குறைய எத்தனை விநாடி என்று வரும். 40 இருந்தால் 36 விநாடி. சிவி 4 நிறுத்தத்துக்கு அதே கணக்கு. சோதிக்கும்போது இரண்டையும் 0 ஆக்கிவிடுங்கள்.

வேகத்தைக் கூட்டக் கூட்ட விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது

இதைப் பார்த்துக் கம்பி தளர்ந்திருக்கிறது என்று என்ஜினைத் திறக்காதீர்கள். டிகோடர் 14 வேகப் படியிலும் பெட்டி 28லும் இருந்தால் இப்படித்தான் நடக்கும். பழைய 14 படி முறையில் விளக்குக்கென்று வைத்திருந்த பிட்டை, 28 படி முறையில் இடைப்படி வேகத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். பெட்டி வேகம் என்று அனுப்புவதை டிகோடர் விளக்கு என்று படிக்கிறது. ஒவ்வொரு படிக்கும் விளக்கு மாறுகிறது. தலைகீழாக இருந்தால், அதாவது பெட்டி 14லும் டிகோடர் 28லும் இருந்தால், விளக்குப் பொத்தான் வேலையே செய்யாது. சிவி 29இல் 2க்கான சுவிட்சைப் போடுங்கள், அல்லது பெட்டியில் அந்த என்ஜினுக்கான படியை மாற்றுங்கள்.

விளக்கே எரியவில்லை, திசையும் மாறி ஓடுகிறது என்றால் அது வேறு. எட்டு முனைச் செருகி உள்ள என்ஜினில் செருகியைத் தலைகீழாகக் குத்தியிருக்கிறீர்கள். அந்தச் செருகியை வடிவமைத்தவர்களுக்கு என் வணக்கம். திருப்பிச் செருகினாலும் தண்டவாள முனைகள் தண்டவாளத்துக்கே போகும், மோட்டார் முனைகள் மோட்டாருக்கே போகும். எதுவும் எரியாது. விளக்குகளுக்குப் பொதுவான நீலக் கம்பி மட்டும் தவறான இடத்தில் நிற்கும். பிடுங்கித் திருப்பிச் செருகினால் போதும். திசையைச் சரிசெய்ய சிவி 29இல் 1ஐக் கூட்டி மறைத்துவிட்டு, விளக்கைத் தேடி அலைய வேண்டாம்.

மின்சாரம் வந்ததும் என்ஜின் முழு வேகத்தில் பாய்கிறது

எங்கோ ஒரு ஷார்ட், தளம் அணைந்து மீள்கிறது, ஒரு என்ஜின் மட்டும் யார் சொல்லும் கேளாமல் பாய்ந்து போகிறது. மேசை விளிம்பிலிருந்து விழுந்து உடைந்த என்ஜின்களுக்குப் பின்னால் இந்தக் காரணம் இருக்கும். தண்டவாளத்தில் டிசிசி அலை சரியாக எழாத கணத்தில், டிகோடர் அதை நேர்மின்சாரத் தளம் என்று எண்ணி முழு வேகம் கொடுத்துவிடுகிறது. நேர்மின்சாரத்தில் ஓட்டும் எண்ணம் இல்லையென்றால் சிவி 29இலிருந்து 4ஐக் கழித்துவிடுங்கள். 6 இருந்தால் 2, 38 இருந்தால் 34. என் என்ஜின்கள் எல்லாவற்றிலும் இதை முதல் நாளே செய்துவிடுகிறேன்.

ஒரு என்ஜினுக்குத்தான் எழுதினேன், எல்லாமே அந்த எண்ணுக்கு ஓடுகின்றன

புரோகிராமிங் தடத்துக் கட்டளை முகவரி சொல்லாமல் போகிறது. தடத்தில் நிற்கும் எல்லா டிகோடரும் அதை ஏற்கும். என்சிஈ பவர் கேப் போன்ற சிறு பெட்டிகளுக்கு ஒரே வெளியீடுதான். புரோகிராமிங் முறைக்குப் போனதும் தளம் முழுவதும் புரோகிராமிங் தடமாகிவிடும். மற்ற என்ஜின்களைத் தூக்கி வைத்துவிட்டு எழுத வேண்டும், அல்லது அந்த நிறுவனமே விற்கும் தானியங்கு சுவிட்சுப் பலகையைப் பொருத்த வேண்டும்.

தனி வெளியீடு உள்ள பெட்டியென்றால், புரோகிராமிங் தடத்தின் இரண்டு தண்டவாளங்களிலும் காப்பு இடைவெளி வேண்டும். ஒன்றில் மட்டும் வெட்டினால் போதாது. அந்த இடைவெளியின் மேல் என்ஜின் நிற்கும்போது எழுதவும் கூடாது. சக்கரங்கள் முதன்மைத் தடத்தின் மின்சாரத்தை புரோகிராமிங் வெளியீட்டுக்குள் கொண்டுபோய்விடும், பெட்டி கெடலாம். முதன்மைத் தடத்தோடு சேராமல், மேசையில் தனியாக ஒரு முழம் தண்டவாளம் வைத்துக்கொள்வதே எனக்குப் பிடித்த ஏற்பாடு.

வேகத்தை மாற்ற எழுதுகிறேன், வேகம் மாறவில்லை

சிவி 2 தொடக்க வேகம், சிவி 5 உச்ச வேகம், சிவி 6 நடு வேகம். சிவி 29இல் 16 சுவிட்சு போட்டிருந்தால் பல டிகோடர்கள் இவற்றை விட்டுவிட்டு 67 முதல் 94 வரையுள்ள வேக அட்டவணையைத்தான் பார்க்கும். 16ஐக் கழித்தால் சிவி 5 மறுபடி வேலை செய்யும்.

மெதுவாகப் போகும்போது இழுத்து இழுத்து நகர்ந்தால் மோட்டார்க் கட்டுப்பாட்டு மதிப்புகள் அந்த மோட்டாருக்குப் பொருந்தவில்லை. லோக்சவுண்டில் சிவி 54இல் 0 எழுதி, எஃப்1 பொத்தானை அழுத்தினால் என்ஜின் தானே முழு வேகத்தில் ஓடி மோட்டாரை அளந்துகொள்ளும். முன்னால் நீண்ட நேர்த்தடம் இருக்கட்டும்.

எழுதவும் முடியவில்லை, வாசிக்கவும் முடியவில்லை, ஆனால் நன்றாக ஓடுகிறது

இது பூட்டாக இருக்கலாம். ஒரே என்ஜினில் மோட்டாருக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று என்று இரண்டு டிகோடர் வைக்கிறவர்களுக்காக சிவி 15, 16 உள்ளன. 16 பூட்டு, 15 சாவி. 16இல் சுழியம் அல்லாத எண் இருந்து, 15இல் அதே எண் இல்லையென்றால் அந்த டிகோடர் எந்த மாற்றத்தையும் ஏற்காது. சிவி 15ஐ எழுத மட்டும் எப்போதும் விடும். 1, 2, 3 என்று சிவி 15இல் எழுதிப் பாருங்கள், வழக்கமாக அவற்றுக்குள்ளேயே திறந்துவிடும். இரண்டு டிகோடர் பூட்டின்றி இருந்தால், வாசிக்கும்போது இரண்டும் சேர்ந்து துடித்து, கலந்த எண் ஒன்று வரும்.

தொழிற்சாலை நிலைக்குத் திருப்புவது

பலரும் முதலில் செய்வதை நான் கடைசியில் வைத்திருக்கிறேன். திருப்பிவிட்டால் முகவரி 3க்குப் போகும், முன்பு செய்த ஒலியளவும் விளக்கு அமைப்பும் அழிந்துவிடும். என்ன தவறாக இருந்தது என்ற தடயமும் சேர்ந்து போகும். முதலில் சிவி 8ஐ வாசியுங்கள், யார் செய்தது என்று சொல்லும். 11 என்சிஈ, 99 லென்ஸ், 129 டிஜிட்ராக்ஸ், 141 சவுண்ட்டிராக்ஸ், 145 சீமோ, 151 ஈஎஸ்யூ, 153 டிசிஎஸ். ஈஎஸ்யூ, சீமோ, சவுண்ட்டிராக்ஸ், டிஜிட்ராக்ஸ் டிகோடர்களில் சிவி 8இல் 8 எழுதினால் திரும்பும். என்சிஈயிலும் டிசிஎஸ்ஸிலும் சிவி 30இல் 2. எழுதிய பிறகு மின்சாரத்தை நிறுத்தி மறுபடி கொடுக்க வேண்டும்.

திருப்புவதற்கு முன் எல்லா சிவியையும் சேமித்து வைக்க ஜேஎம்ஆர்ஐ என்ற இலவச மென்பொருளின் டிகோடர்புரோ பகுதி உதவும். மாதிரி ரயில் ஆர்வலர்கள் எழுதிய இந்த மென்பொருளுக்காக நடந்த வழக்கில்தான், திறந்த மூல உரிமத்தின் நிபந்தனைகள் சட்டப்படி செல்லும் என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008இல் சொன்னது. நம் பொழுதுபோக்கிலிருந்து அப்படி ஒரு தீர்ப்பு பிறந்ததில் எனக்கு மகிழ்ச்சி உண்டு. டிகோடர்புரோவில் முழுத் தாளையும் வாசிக்கச் சொன்னால் நேரம் எடுக்கும். ஒலி டிகோடர் என்றால் இன்னும் நீளும். தேவையான பக்கத்தை மட்டும் வாசியுங்கள்.

இத்தனைக்கும் பிறகும் அசையாத டிகோடரை என்ஜினிலிருந்து கழற்றுங்கள். ஆரஞ்சுக்கும் சாம்பலுக்கும் நடுவே 100 ஓம் மின்தடை, சிவப்பும் கருப்பும் புரோகிராமிங் தடத்துக்கு, வேறு எந்தக் கம்பியும் எதையும் தொடக் கூடாது. சிவி 8ஐ வாசியுங்கள். எண் வந்தால் டிகோடர் நலம், என்ஜினின் கம்பிகளுக்குத் திரும்பிப் போகலாம். எண் வராமல், நன்றாக இருக்கும் என்று தெரிந்த இன்னொரு டிகோடர் அதே மின்தடையோடு அதே தடத்தில் எண் சொன்னால், அப்போது இது இழுப்பறைக்குப் போகலாம்.